கழுதையோடு பன்னிரண்டு நாள்



இன்றைய இலக்கிய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு பயண நூல். எழுதியவர் ரொபேர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' என்ற கதையினால் நம்மிற் பலர் அறிந்த அதே ஸ்கொத்லாந்துக்காரர்தான். அந்தக் கதையெல்லாம் எழுதுவதற்கு முன்னர், 1878ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி, பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியிலே ஒரு பெண் கழுதையை முன்னே விட்டுக்கொண்டு அவர் நடக்கத் தொடங்கினார். செவென் என்ற மலைநாட்டைக் கடந்து ஒக்டோபர் 3ஆந் திகதி நடையை முடித்தார். 12 நாட்கள், சுமார் 120 மைல் தூரம். மறு ஆண்டு, 1879 இல், அந்த நடை நூலாகியது. 'செவென் மலைகளில் ஒரு கழுதையுடன் பயணங்கள்' என்று அதன் பெயரைத் தமிழிலே சொல்லலாம்.

இதிலே இமயமலை இல்லை. புலி வேட்டை இல்லை. இதுவரை எவரும் காணாத நாடும் இல்லை. லண்டனிலிருந்து ரயிலேறி வந்துவிடக்கூடிய இடம். ஆனாலும் 140 ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சிறு நூல் அச்சிலே நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதுதான் என்னுடைய கேள்வி.

பாடசாலையிலே 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னால் நாற்பது பிள்ளைகளும் அதிகாலையில் எழுந்து, நீராடி, பெற்றோரை வணங்கி, பஸ்ஸில் ஏறுவார்கள். மாலையிலே மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்கள். வழியிலே ஒரு பிள்ளைக்கு வாந்தி வந்திருக்கும். இரண்டு பேர் யன்னலோர இருக்கைக்குச் சண்டை பிடித்திருப்பார்கள். கொண்டுபோன சோற்றுப் பார்சல் பழுதாகியிருக்கும். அவையெல்லாம் கட்டுரையிலே வரமாட்டா. பெரியவர்கள் எழுதும் பயண நூல்கள் பலவும் இந்தக் கட்டுரையின் நீண்ட வடிவங்களே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. விமான நிலையம், வரவேற்பு, பொன்னாடை, நூதனசாலை, நன்றியுரை. பயணி எங்கே தடுக்கி விழுந்தார், எங்கே பயந்தார், எங்கே கேவலமாக நடந்துகொண்டார் என்பது தெரியவராது.

நம்முடைய பழையவர்கள் இந்த விடயத்திலே கெட்டிக்காரர்கள். பத்துப்பாட்டிலே வருகின்ற மலைபடுகடாம் நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. பன்றிக்கு வைத்த பொறி, வழுக்குகின்ற பாறை, பாம்பு உறையும் குழி, தினைப்புனம் காப்போர் கவணிலிருந்து விட்ட கல் என்று காலுக்கு நேரும் ஆபத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது அது. நடந்தவன் சொன்ன சொல் என்பது அதைக் கேட்டாலே தெரியும். ஸ்டீவன்சனும் அந்த இனத்தைச் சேர்ந்தவர்.

அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. எடின்பரோ நகரிலே வெளிச்சவீடு கட்டும் பொறியியலாளர் குடும்பத்திலே பிறந்தவர். சிறு வயது முதலே நெஞ்சு வருத்தக்காரர். எழுத்தினால் வரும் வருமானம் போதாமல் தகப்பனாரின் காசை எதிர்பார்த்திருந்தவர். லெ மொனஸ்தியே என்ற மலையூரிலே ஒரு மாதம் தங்கியிருந்து நடைக்கு ஆயத்தம் செய்தார். அவரே திட்டமிட்டு ஒரு படுக்கைப் பை தைப்பித்தார். வெளியே மழை ஊறாத பச்சை நிற வண்டித் துணி, உள்ளே நீல நிற ஆட்டு உரோமம். இரவிலே படுக்கை, பகலிலே மூட்டை. இப்படியொரு பையைக் கடைகளில் வாங்க முடியாத காலம் அது. அந்த மூட்டையைச் சுமப்பதற்குத்தான் கழுதை. விலை 65 பிராங். மேலதிகமாக, விற்ற கிழவருக்கு ஒரு கிளாஸ் பிராந்தி. உருவத்தில் ஒரு பெரிய நாயை விடக் கொஞ்சம் கூடிய, எலி நிறக் கழுதை. அதற்கு மொடெஸ்தீன் என்று பெயர் வைத்தார். அடக்கமானவள் என்று பொருள்.

மன்னார்ப் பக்கம் போனவர்களுக்குக் கழுதைகளின் சுபாவத்தை நான் விளக்க வேண்டியதில்லை. வீதியின் நடுவிலே நின்றால் நின்றதுதான்; பஸ் சாரதி எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் அது தன் யோசனையை முடித்துவிட்டே நகரும். மொடெஸ்தீனும் அப்படித்தான். முதல் நாளிலேயே, மனிதன் ஓரடி வைக்கும் நேரத்தில் அது அரையடி வைத்தது. ஊசெல் என்ற கிராமத்துத் தெருவிலே மூட்டை சரிந்து கழுதையின் வயிற்றுக்குக் கீழே போய்த் தூசியிலே தொங்கியது. ஊர்ச்சனம் கூடிச் சிரித்தது. அவர் சுமந்து வந்த பொருள்களிலே குளிர்ந்த ஆட்டிறைச்சி இருந்தது, வெள்ளைப் பாண் இருந்தது, முட்டை அடிக்கும் கருவிகூட இருந்தது. மலையிலே முட்டை அடித்துக் குடிக்க எண்ணியவர்! சுமை குறைய வேண்டுமென்று அவற்றையெல்லாம் வழியிலே வீசிவிட்டார்.

புஷே சன் நிக்கொலா என்ற ஊரின் விடுதியிலே, முன்பின் அறியாத ஒரு தம்பதிகள் படுத்திருந்த அதே அறையிலே இவருக்கும் கட்டில் கிடைத்தது. அந்த வெட்கத்தை அவர் சொல்லும் விதம் படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும். மறுநாட் காலையிலே விடுதிக்காரர் ஒரு கோல் செய்து கொடுத்தார். அதன் நுனியிலே ஊசிமுனை அரைக்கால் அங்குலம் அளவிலே நீட்டிக்கொண்டிருந்தது. அன்று முதல் கழுதை நடந்தது.

இந்த இடத்திலேதான் நூல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கழுதையை அடித்ததையும் குத்தியதையும் அவர் மறைக்கவில்லை. அடிக்க அடிக்க அது மூச்சு வாங்கியதையும், தனக்குக் கை வலித்ததையும், அந்த ஓசையைக் கேட்கத் தனக்கே சகிக்காமல் இருந்ததையும் எழுதுகிறார். கழுதையின் முகச்சாயல் ஒரு காலத்திலே தன்மீது மிகுந்த அன்பு காட்டிய ஒரு பெண்மணியின் முகத்தை நினைவூட்டியதாகவும், அதனால் அடித்த கை இன்னும் கூசியதாகவும் ஒரு வரியிலே சொல்லிவிட்டுப் போகிறார். யார் அந்தப் பெண்மணி என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் கழுதையின் முன்னங்கால்களின் உட்புறம் புண்ணாகி இரத்தம் கசிந்தது. அதையும் எழுதினார். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? வாசகன் தன்னை நல்லவன் என்று எண்ண வேண்டுமென்ற ஆசை எழுத்தாளரை எவ்வளவு பொய் சொல்ல வைக்கும் என்பதை நாம் அறிவோம்.

மூன்றாம் நாள் இரவு வழி தப்பியது. இருட்டு, மழை. வழியிலே கண்ட இரண்டு சிறுமியரிடம் வழி கேட்டால் ஒருத்தி நாக்கை நீட்டுகிறாள். மற்றவள் மாடுகளின் பின்னாலே போகச் சொல்கிறாள். பூஸிலாக் என்ற குக்கிராமத்திலே ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். காசு தருகிறேன், வழி காட்டுங்கள் என்று கேட்டார். இருட்டிலே தன் வாசற்படியைத் தாண்டி வரமாட்டேன் என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். 1764 தொடக்கம் 1767 வரை அந்தப் பிரதேசத்திலே கேவுதான் மிருகம் என்று ஓநாய் போன்ற ஏதோ ஒன்று பெண்களையும் பிள்ளைகளையும் கொன்று திரிந்தது. பிரெஞ்சு அரசனே வேட்டைக்காரர்களை அனுப்ப நேர்ந்தது. அந்த மிருகத்தின்மேல் தனக்கு அனுதாபம் பிறந்ததென்று எரிச்சலோடு பகிடி விடுகிறார் நம் பயணி. கடைசியிலே மரங்களுக்கிடையிலே படுக்கைப் பையை விரித்துத் தூங்கினார். விடிந்து எழுந்தபோது வெறுப்பு இல்லை. எங்கே படுத்திருக்கிறோம் என்று தெரியாமல் ஓர் உலகத்திலே கண் விழிப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

பிறகு பனிமய மாதாவின் பெயரிலே அமைந்த ஒரு துறவு மடத்திலே தங்கினார். பேசா நோன்பு பூண்ட கத்தோலிக்கத் துறவிகளின் மடம். ஸ்டீவன்சனோ புரட்டஸ்தாந்தக் குடும்பத்துப் பிள்ளை; மடத்தின் மணியோசை கேட்டபோது உள்ளூரப் பயந்தே போனார். துறவிகள் அன்பாக நடத்தினார்கள். தொல்லை வந்தது மடத்திலே விருந்தினராக இருந்த இரண்டு பேரிடமிருந்து. ஒருவர் நாட்டுப்புறக் குருவானவர். மற்றவர் ஓய்வுபெற்ற படைவீரர். இவர் புரட்டஸ்தாந்தர் என்று தெரிந்ததுமே மதம் மாற்ற முனைந்துவிட்டார்கள். பெற்றோரின் சமயத்தை இழிவாகப் பேசியபோது அவர் சினந்து சொன்னதும்தான் அடங்கினார்கள். துறந்தவர்கள் சும்மா இருக்க, பார்க்க வந்தவர்கள் வாதம் செய்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

இங்கிருந்து தெற்கே போகப் போக நிலம் மாறுகிறது. அதனோடு நூலும் மாறுகிறது. லொசேர் மலையின் உச்சி 1,699 மீற்றர். அதைக் கடந்து இறங்கினால் தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. படிப்படியாகக் கட்டிய தட்டுகளிலே செஸ்நட் மரங்கள். இது கமிசார்களின் நாடு. 1685 இலே பதினான்காம் லூயி மன்னன் புரட்டஸ்தாந்தர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தான். செவென் மலையின் குடியானவர்கள் மறைவிலே கூடி வழிபட்டார்கள். பொன் த மொன்வேர் என்ற ஊரிலே து ஷேலா என்ற மதகுரு தன் வீட்டிலேயே அவர்களை அடைத்து வைத்து வதைத்தார். 1702 ஜூலை 24ஆந் திகதி இரவு அவர்கள் திரண்டு வந்து அவரைக் கொன்றார்கள். தலைமை தாங்கிய செகியே என்பவரை அடுத்த மாதமே அதே ஊரிலே உயிரோடு எரித்தார்கள். அதன் பிறகு மலையெங்கும் போர். ஊர்கள் எரிக்கப்பட்டன, சனங்கள் துரத்தப்பட்டார்கள். 1704 அளவிலேதான் பெரும் பகுதி ஓய்ந்தது.

ஸ்டீவன்சன் அங்கே போனபோது 170 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. ஆனால் எந்தக் குகையிலே ஆயுதம் ஒளித்திருந்தது, எந்த வீட்டின் வழியாக ஓடினார்கள் என்று ஊரார் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்கள். ஃபுளோராக் என்ற ஊரிலே கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் அயலிலே வாழ்கிறார்கள். கொடுத்து வாங்குகிறார்கள், ஒருவர் மரணத்துக்கு மற்றவர் போகிறார்கள். எதையும் மறக்கவும் இல்லை. கத்தோலிக்கர் ஒருவர் ஒரு பெண்ணைக் கலியாணம் செய்வதற்காக மதம் மாறியதைப் பற்றிப் பேச்சு வருகிறது. ஒரு மனிதன் மாறுவது நல்லதல்ல என்பதிலே இரு சாராரும் ஒரே கருத்து! நினைவும் அயலுறவும் ஒரே முற்றத்திலே இருக்க முடியும் என்பதை அவர் வாதிட்டு நிறுவவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறார். போர் ஓய்ந்த ஊர்களிலே வாழ்பவர்களுக்கு இந்தப் பக்கங்களிலே வேறொரு கவனம் வருகிறது. நான் பல தடவை இவ்விடத்திலே புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன்.

இனி, சொல்லாமல் விட்ட கதைக்கு வருகிறேன்.

லொசேர் மலைச்சாரலிலே பைன் மரங்களுக்கிடையிலே ஒரு இரவு படுக்கிறார். நள்ளிரவு கழிந்து சில மணித்தியாலத்திலே, வெட்டவெளியில் உறங்குகின்ற உயிர்களெல்லாம் ஒரு முறை விழித்துப் பார்க்குமாம். மாடும் ஆடும் சேவலும் மனிதரும். அவரும் விழிக்கிறார். ஒரு சிகரெட் பற்ற வைக்கிறார். அந்தச் சிறு நெருப்பிலே தன் விரலிலே கிடந்த வெள்ளி மோதிரம் மின்னுவதைக் காண்கிறார். அவ்வளவு நிறைவான இரவிலே ஒரேயொரு குறை. பேசாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்திலே ஒரு துணை வேண்டும். விரும்பிய பெண்ணோடு வெளியிலே வாழும் வாழ்வே எல்லாவற்றிலும் முழுமையானது என்று எழுதுகிறார். விடிந்ததும், நல்ல விடுதியிலே தங்கியதற்குக் கடன் வைக்கக் கூடாதென்று, புல்லின்மேல் சில காசுகளை வைத்துவிட்டுப் போகிறார்.

வெறும் இயற்கை வருணனை என்று படித்துவிட்டுப் போகலாம். ஆனால் வாழ்க்கை வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் துணை யாரென்று தெரியும். ஃபானி ஒஸ்போர்ன் என்ற அமெரிக்கப் பெண். இவரை விடப் பத்து வயது மூத்தவர். கணவன் இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள். 1876 இலே பிரான்ஸின் கிராமம் ஒன்றிலே ஓவியர்களின் கூட்டத்தில் சந்தித்தார்கள். 1878 ஓகஸ்ட் மாதத்திலே ஃபானி கலிபோர்னியாவுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த மாதம் ஸ்டீவன்சன் கழுதை வாங்கினார்! நூல் முழுவதிலும் ஃபானியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆனால், இந்நூலின் பெரும்பகுதி ஃபானிக்குச் சொன்னவைதான் என்ற கருத்திலே தன் ஒன்றுவிட்ட சகோதரனுக்கு அவரே கடிதம் எழுதியிருக்கிறார். நூல்கள் யாவும் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களே என்று முன்னுரையிலே சொன்னவரும் அவர்தான். உள்ளே ஒரு கடிதத்துக்குள் இன்னொரு கடிதம்.

முடிவும் அப்படித்தான். சன் ஜோன் து கார் என்ற ஊரை அடைந்தபோது கழுதை நடக்கத் தகுதியில்லை, இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இவருக்கோ அவசரம். அலெஸ் நகரிலே தபால் அலுவலகத்தில் கடிதங்கள் காத்திருந்தன. யாருடைய கடிதங்கள் என்று நூல் சொல்லவில்லை. காத்திருக்க மனமில்லாமல், சேணமும் சேர்த்து 35 பிராங்குக்கு மொடெஸ்தீனை விற்றுவிட்டுக் குதிரை வண்டியில் ஏறினார். வண்டி போய்க்கொண்டிருக்கும்போதுதான் கழுதை இல்லாதது உறைத்தது. தன் கையிலிருந்து தின்றது, பொறுமையானது, ஒரு இலட்சியப் பெண் எலியின் நிறம் கொண்டது என்றெல்லாம் எண்ணினார். வண்டியிலே அவரோடு இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். ஆகவே தயங்காமல் அழுதார். கழுதைக்காக மட்டும் அழுதார் என்று நான் நம்பவில்லை. நூலோ கழுதைக்கு மேலே ஒரு சொல்லும் சொல்லாது.

சில விமர்சகர்கள் இதை இலேசான நூல், இளவயது விளையாட்டு என்பார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பகிடியினாலே மூடிய துயரம் எடை குறைந்ததாகிவிடாது.

மறு ஆண்டு, 1879 ஓகஸ்டிலே, பெற்றோருக்கும் சொல்லாமல், கிளாஸ்கோவிலிருந்து புறப்பட்ட குடியேறிகளின் கப்பலில் அமெரிக்காவுக்குப் போனார். நியூயோர்க்கிலிருந்து கலிபோர்னியா வரை குடியேறிகளின் ரயிலிலே மரப்பலகையில் உட்கார்ந்து போனார். அந்த ரயிலிலே சீனர்களுக்குத் தனிப் பெட்டி. வெள்ளையர்கள் அவர்களை ஏளனம் செய்ததையும் செவ்விந்தியர்களைப் பார்த்து எள்ளியதையும் கண்டு, இவர் தன் இனத்தவரைப் பற்றி வெட்கப்பட்டு எழுதினார். கழுதையின் புண்ணை மறைக்காத கண்தான் இதையும் கண்டது. கலிபோர்னியாவிலே மொன்டரே நகருக்கு அப்பால் மலையிலே தனியே போய் நோயில் விழுந்து, ஆட்டுப்பட்டிக்காரர்கள் இருவர் காப்பாற்றியிராவிட்டால் 'புதையல் தீவு' நமக்குக் கிடைத்திராது. 1880 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவிலே ஃபானியை மணம் புரிந்தார். அந்தக் கப்பற் பயணத்தைப் பற்றிய நூல் வெளிவருவதைக் குடும்பத்தவரும் நண்பர்களும் விரும்பவில்லை. ஏழைகளோடு பயணம் செய்ததை எழுதுவது மானக்கேடாகத் தோன்றியது போலும். அது அவர் 1894 டிசெம்பரிலே சமோவாத் தீவில் இறந்த பின்னர், 1895 இலேதான் வெளிவந்தது.

இன்று அவர் நடந்த வழி பிரான்ஸிலே அடையாளமிடப்பட்ட நடைபாதை. லெ புய் நகரிலிருந்து அலெஸ் வரை சுமார் 270 கிலோமீற்றர். ஆண்டுதோறும் பல நாட்டவர் நடக்கிறார்கள். விரும்பினால் கழுதை வாடகைக்கும் கிடைக்கும். 2020 இலே அந்தப் பாதையிலே கழுதையோடு நடக்கும் ஆசிரியை ஒருத்தியைப் பற்றி ஒரு பிரெஞ்சுத் திரைப்படமும் வந்தது. அவளும் ஒரு காதலைத் துரத்திக்கொண்டுதான் போகிறாள்.

1964 இலே ரிச்சர்ட் ஹோம்ஸ் என்ற பதினெட்டு வயது ஆங்கிலேயர் நூலைக் கையிலே வைத்துக்கொண்டு அதே வழியில் நடந்தார். பின்னாளிலே புகழ்பெற்ற வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஆனவர். லாங்கோஞ் என்ற ஊரின் ஆற்றுப் பாலத்திலே மாலை நேரம் நின்று, ஸ்டீவன்சன் வருவார் என்று உண்மையாகவே காத்திருந்தாராம். அப்போது கொஞ்சத் தூரத்திலே பழைய பாலம் ஒன்று இடிந்து செடி மூடிக் கிடந்தது தெரிந்தது. கழுதை கடந்த பாலம் அதுதான். இவர் நின்றது புதியது. தன் தொழிலை அந்த இடத்திலேதான் கற்றதாக 1985 இல் வெளியான நூலிலே அவர் எழுதியிருக்கிறார்.

ஸ்டீவன்சனின் நூல் சிறியது. ஆங்கிலத்திலே எளிதாகக் கிடைக்கும். முதலிலிருந்து தொடங்க அலுப்பாக இருந்தால் புஷே விடுதி வரும் பகுதியைத் திறவுங்கள். முன்பின் தெரியாத ஒரு கணவனும் மனைவியும் படுத்திருக்கும் அறையிலே, கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு ஸ்கொத்லாந்துக்காரர் படுக்கப் போவார்.